சுமைதாங்கிக் கல்லில் தொடங்கிய கேம் நிலம்

கேம்களுக்கு நிலம் செய்வது என் வேலை. மலை, ஆறு, காடு, இடிந்த கோட்டை, வழியோரம் கிடக்கிற கல் என்று விளையாடுகிறவர் கால்படும் இடத்தையெல்லாம் கணினியில் கட்டித் தருகிற என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட். வேலை சென்னையில், ஊர் காரைக்குடிப் பக்கம். பல வருடமாக இந்தத் தொழிலில் இருந்தாலும் ஒரு கல்லை எப்படி நட வேண்டும் என்று போன வருடம்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது எங்கள் ஊர். இதே வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

ஐந்து பேர் சேர்ந்து ஒரு மாயக்கதை கேம் செய்துகொண்டிருக்கிறோம். நாயகி ஒரு மேட்டில் ஏறியதும் பழங்கால நெடுங்கற்கள் கண்ணில் பட வேண்டும். அதுதான் முதல் காட்சி. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை எடுத்துக்கொண்டேன். அதை முறையாகவே படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய கற்களை நட்டு ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகின்றன. சார்சன் என்கிற அந்தக் கற்கள் சராசரியாக ஒவ்வொன்றும் 25 டன். நிற்கிற கல்லின் தலையில் ஒரு முளை, மேலே படுத்திருக்கிற கல்லின் அடியில் அதற்கேற்ற குழி. எங்கள் ஊர்த் தச்சர்கள் மரத்தில் போடுகிற அதே பொருத்து, அங்கே கல்லில். அந்த முளையைக்கூட விடாமல் செய்தேன். மூன்று வாரம் ஆனது. பாசி, வெடிப்பு, மழைக்கறை எல்லாம் இருந்தது.

நண்பர்களை அழைத்து விளையாடிப் பார்க்கச் சொன்னோம். ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை. கல்வட்டத்தின் நடுவே புகுந்து ஓடி மறுபக்கம் போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு கல்லாகப் பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்திப் பார்த்தான். "இதுல ஒண்ணும் வராதாக்கா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2011-இல் வந்த ஸ்கைரிம் கேமில் 13 நெடுங்கற்கள் உண்டு. தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு சக்தி தரும். அப்படியான கேம்களில் பழகிய கண்ணுக்கு, தொட்டும் ஒன்றும் தராத கல் வெறும் ஜோடனை. சக்தி கொடுக்கிற பட்டனை வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று குழுவில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தொடாமலேயே நிற்க வைக்கிற கல் வேண்டும் என்று தோன்றியது. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

அந்த மாதம் ஊரில் திருவிழா. போயிருந்தபோது அப்பத்தாவோடு கண்மாய்க்கரை வழியாக நடந்தேன். பாதை பிரிகிற இடத்தில் அப்பத்தா நின்று, அங்கிருந்த கல்லில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை பார்த்த சுமைதாங்கிக் கல். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இரண்டு கல் ஊன்றி மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கிறார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து நான் செய்த அதே வடிவம், என் மோவாய் உயரத்தில்.

"இது எதுக்கு அப்பத்தா இந்த எடத்துல?" என்று கேட்டேன்.

"சந்தைக்கு வெறகு கொண்டுபோறவுக இங்கன வரையில கழுத்து ஒடிஞ்சு போகும்த்தா. தலைச்சுமைய எறக்கிவிட ஆளு வேணும்ல? இது இருந்தா ஆளு வேணாம். கழுத்தக் கொஞ்சம் சாச்சாப் போதும், கட்டு அதுபாட்டுக்கு மேல போயி உக்காந்துக்கும். அப்பறம் ஏத்திக்கிறதும் லேசு."

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் பக்கத்து வழக்கம். தன் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழியில் வருகிறவர்கள் சுமையை இறக்க ஒரு கல். இதை நான் அறியாதவள் இல்லை. ஆனால் என் வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். நாலே முக்கால் அடி. மேல்கல்லைத் தடவிப் பார்த்தேன். நடுப்பகுதியின் முன்விளிம்பு வழவழவென்று மழுங்கியிருந்தது. இரு ஓரங்களிலும் உளிக்கொத்து இன்னும் சொரசொரப்பாகக் கைக்கு உறைத்தது. ஓரத்தில் யாரும் சுமை வைப்பதில்லை, வைத்தால் கட்டு சரியும். எத்தனை தலைமுறை விறகும் நெல்லும் பானையும் ஏறி இறங்கின என்பது அந்த ஒரு விளிம்பில் இருந்தது. என் கேமில் செய்த கல்லில் தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தது. மென்பொருளில் ஒரு பட்டனைத் தட்டினால் எல்லா விளிம்பையும் தேய்த்துத் தந்துவிடும். யார் தேய்த்தார்கள் என்ற கேள்வியே அதில் கிடையாது.

அன்றிலிருந்து இரண்டு வாரம் கல் பார்ப்பதே வேலையாக இருந்தேன்.

கண்மாய்க் கரையில் ஒரு ஆவுரிஞ்சிக்கல் இருக்கிறது. மாடுகள் உடம்பு தேய்த்துக்கொள்ள நட்ட கல். பழைய தமிழில் ஆதீண்டு குற்றி. அதில் இடுப்பு உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை ஒரு பட்டை மட்டும் எண்ணெய் தடவியதுபோல் கருத்து மின்னுகிறது. அதற்கு மேலும் கீழும் சாதாரணச் சாம்பல் கல். வெடிப்பில் மாட்டு மயிர் சிக்கியிருந்தது. அடியில் குளம்பு மிதித்து மிதித்து மண் ஒரு சாண் பள்ளமாகி, கல்லைச் சுற்றிக் கிண்ணம்போல் ஆகிவிட்டது. கேமில் கல்லைச் சமதரையில் குத்தி வைத்தால் பொம்மைபோல் தெரிவதன் காரணம் இந்தக் கிண்ணம்தான் என்று அப்போது புரிந்தது. கல்லை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கல்லும் மண்ணும் சேருகிற ஒரு முழ இடம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே மண் பள்ளமாகும், அல்லது காற்று ஒதுக்கிய மண் ஒரு பக்கம் மேடாகும். மழை தெறித்துச் செம்மண் கறை ஒரு முழம் ஏறியிருக்கும். நிழல் விழுகிற பக்கம் புல் கூடுதலாக இருக்கும். இப்போது என் வேலை நேரத்தில் பாதி அந்த ஒரு முழத்துக்கே போகிறது. முதலில் நிலத்தின் உயரத்தைத் தூரிகையால் இறக்குவேன். அப்புறம் கல்லின் அடிப்பகுதியில் தரையின் நிறத்தைக் கலப்பேன். கடைசியில்தான் புல்.

கண்மாயின் உள்ளே குமிழித்தூம்பு நிற்கிறது. மடையைத் திறந்து மூட நட்ட இரண்டு கல்தூண்களும் குறுக்குக் கல்லும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது தலை மட்டும் தெரியும். கோடையில் முழு உயரமும். ஒவ்வொரு வருடத்து நீர்மட்டமும் தூணில் வெளுப்பும் கருப்புமாக வரி போட்டிருக்கிறது. நீருக்குள் நெடுங்கல் நிற்கிற காட்சி கேமுக்கு வேண்டுமென்றால் வெளிநாட்டுப் படங்களைத் தேட வேண்டியதே இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் இறங்கிப் பார்த்தால் போதும்.

எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர், தோட்டத்துக்குக் கம்பிவேலி போட வந்து கல்லுக்கால் ஊன்றிக்கொண்டிருந்த ஒரு அண்ணன். "ஏழடிக் கல்லுக்கு ஒன்றரையடிக் குழி போடணும்மா. குழியப் பெருசா எடுத்தா கல்லு ஆடும். சுத்திச் சின்னக் கல்லு போட்டு இடிச்சாத்தான் நிக்கும், மண்ணு மட்டும் போட்டா மழைக்குச் சாஞ்சிரும்" என்றார். ஆக, சாய்ந்த கல்லுக்கும் ஒரு காரணம் உண்டு. மழைநீர் ஓடுகிற பக்கம் அடிமண் இளகி, கல் அந்தப் பக்கம் சாய்கிறது. நான் முன்பெல்லாம் கல்லைக் கண்டபடி ஐந்து டிகிரி, எட்டு டிகிரி என்று திருப்பி வைப்பேன். இப்போது சரிவைப் பார்த்துச் சாய்க்கிறேன். விழுந்து கிடக்கிற கல் என்றால் அதன் அடியில் குழியையும் இறுக்கின சின்னக் கல்லையும் வைக்கிறேன். பார்க்கிறவர் அதைக் கவனிப்பாரா என்று கேட்டால், கவனிக்க மாட்டார். ஆனால் நம்பிவிடுவார்.

அப்புறம் சித்தன்னவாசல். ஓவியத்தைப் பார்க்கப் பலமுறை போயிருக்கிறேன். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். இந்த முறை மலைக்கு ஏறாமல், அந்த வட்டாரத்துக் கல்வட்டங்களைப் பார்க்கவே போனேன். இரும்புக்கால மக்களின் ஈமக்காடு அது. நடுவில் கற்பலகைகளால் பெட்டிபோல் செய்த பதுக்கை, சுற்றிலும் வட்டமாகக் கற்கள். பல கற்கள் என் முழங்கால் உயரம்கூட இல்லை. இருந்தும் அங்கே நிற்கும்போது பேசத் தோன்றவில்லை. ஒரு வட்டத்தைத் தாண்டினால் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று பொட்டலில் விரிந்துகொண்டே போகிறது. பயிர் செய்ய முடியாத கரம்பு மேட்டைத்தான் இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெருங்கற்கால ஈமக்காடுகள் பலவும் இப்படிப் பாறை நிலத்திலோ நீர்நிலையை அடுத்த மேட்டிலோதான் இருக்கின்றன. விளைகிற மண் உயிரோடு இருப்பவர்களுக்கு. இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் வரைபடத்தில் கல்லை எங்கே வைப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. வயலை வை, நீரை வை, குடியிருப்பை வை, மீதி இருக்கிற மேடு எது என்று பார்.

கல்லின் வகையையும் அங்கேதான் கவனித்தேன். நம் பக்கம் இரண்டு கல் உண்டு. ஒன்று சாம்பல் நிறப் பாறைக்கல். வெங்காயத் தோல்போல் தகடு தகடாக உரிகிற பாறை அது. அதனால்தான் அவ்வளவு அகலமான பலகைகள் கிடைத்திருக்கின்றன. இன்னொன்று துளை துளையான செம்பூராங்கல். வெட்டும்போது இளக்கமாக இருந்து காற்றுப்பட்டு இறுகும். பலகைக்கு ஒன்று, உருண்டையாக அடுக்க ஒன்று. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்தும், சிறிய நீலக்கற்கள் 200 கிலோமீட்டருக்கும் மேலே வேல்ஸ் மலையிலிருந்தும் வந்தவை. அங்கே தூரமே கதை. இங்கே பக்கத்துப் பாறையே கதை. நம் கேமில் எது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பக்கத்துப் பாறை என்றால் பின்னணியில் தெரிகிற குன்றின் நிறமும் வெடிப்பும் நட்ட கல்லிலும் இருக்க வேண்டும். குன்றுக்கு ஒரு டெக்ஸ்ச்சர் (மேற்பரப்பில் போர்த்துகிற படம்), கல்லுக்கு இன்னொரு டெக்ஸ்ச்சர் என்று கடையிலிருந்து வாங்கிப் போட்டதுதான் என் பழைய காட்சியைக் கெடுத்த பெரிய தவறு.

படம் எடுத்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் மூன்று நாள் எடுத்தது அத்தனையும் வீண். பல கோணத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து மென்பொருளில் முப்பரிமாண வடிவம் செய்கிற போட்டோகிராமெட்ரிக்கு வெயில் ஆகாது. நம் ஊர் வெயிலில் நிழல் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் கேமில் விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் பழைய நிழல் போகாது. சூரியன் எழுவதற்கு முந்தைய அரைமணி நேரம், இல்லாவிட்டால் மேகம் மூடிய நாள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் இரண்டு பங்காவது தெரிய வேண்டும். கல்லைச் சுற்றி மூன்று உயரத்தில் மூன்று சுற்று. அதோடு அடிமண்ணைத் தனியாக ஒரு சுற்று, அதை விட்டுவிடாதீர்கள். அளவுக்கு ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். கல்லின்மேல் சாக்பீஸால் குறிபோடுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் கூடவே கூடாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் முக்காலி வைத்து எடுக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும், கேட்டுவிட்டே செய்யுங்கள். துளை நிறைந்த செம்பூராங்கல்லில் ஒவ்வொரு துளையையும் வடிவமாகக் கொண்டுவர நினைத்தால் கணினி திணறும். பெரிய குழிகளை மட்டும் வடிவத்தில் வைத்துக்கொண்டு மற்றதை, மேடுபள்ளம் இருப்பதுபோல் வெளிச்சத்தில் காட்டுகிற நார்மல் மேப் என்ற படத்தில் விட்டுவிடலாம்.

எண்ணெய்ச் சாத்திய கற்கள் வேறு கதை. பளபளப்பு நாம் நகர நகர இடம் மாறுவதால் மென்பொருள் குழம்பி, கல்லில் இல்லாத புடைப்பெல்லாம் உண்டாக்கும். கேமராவில் பளபளப்பை வடிகட்டுகிற போலரைசர் கண்ணாடி மாட்டினால் ஓரளவு குறையும். ஆனால் நான் அந்தக் கற்களை எடுக்கவே இல்லை. காரணம், மண்ணில் புரவி செய்கிற ஒரு வேளார். ஐயனார் கோயிலில் புரவிகளுக்கு அருகே நிற்கிற ஒரு நடுகல்லைக் காட்டி, எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார். போனில் எங்கள் கேமைக் காட்டினேன். நாயகி ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படம் வேணா எடுத்துக்க ஆத்தா. ஆனா அந்தப் புள்ள இதும்மேலயும் ஏறி மிதிக்கும்ல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். எங்கள் கேமில் இருக்கிற நடுகல் முழுக்க நானாகச் செய்தது. அதன்மேல் ஏற முடியாது. ஏறப் போனால் நாயகி நின்று, கையை மட்டும் கல்லில் வைப்பாள். அந்த ஒரு அசைவைச் செய்ய எங்கள் அனிமேட்டருக்கு நான்கு நாள் பிடித்தது. விளையாடிய எல்லோரும் அந்த இடத்தில் நிற்கிறார்கள்.

நடுகல் என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. கல் நடுவதற்கு ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படைத்துச் சிறப்பிப்பது, வாழ்த்துவது. பள்ளியில் மனப்பாடம் செய்தது. இப்போது படித்தால் ஒரு முழு நிலத்தின் வரைபடமாகத் தெரிகிறது. எங்கள் கேமில் அதை அப்படியே பரப்பிவிட்டோம். குன்றில் பாதி பிளந்து விட்டுப்போன ஒரு பலகை. பாதையில், வரும் வழியில் உடைந்ததால் அங்கேயே கைவிடப்பட்ட ஒரு கல். ஊருணிப் படியில் சாய்த்து வைத்த ஒன்று. மேட்டில் நட்டது. எதற்கும் எழுத்தில் விளக்கம் இல்லை. குன்றிலிருந்து மேட்டுக்கு நடந்து வருகிறவருக்கு யாரோ ஒருவருக்காக ஒரு ஊரே சேர்ந்து கல் சுமந்தது தானாகப் புரிகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்பிராமி நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்டது. மாட்டுக்காகச் செத்தவனை ஈராயிரம் ஆண்டாகக் கல் வைத்துக் காத்திருக்கிறோம். இதைவிடப் பெரிய மாயக்கதை எதற்கு?

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே போகும்; நெடுங்கல்லுக்கு நாள் முழுக்க நீள நிழல். அதைப் பார்த்துப் பழகி, கேமிலும் எப்போதும் மாலை வெயிலையே வைக்கிறோம். காரைக்குடி 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் மேலே வந்துவிடும்; நேராக நிற்கிற கல்லுக்கு நிழலே இருக்காது. கேம் கட்டுகிற மென்பொருளான அன்ரியல் என்ஜினில் சூரியனின் இடத்தைக் கணக்கிட அட்சரேகை கொடுக்கிற வசதி உண்டு. அதில் 10 என்று போட்டுப் பார்த்தேன். நண்பகலில் கற்கள் எல்லாம் நிழலை விழுங்கிக்கொண்டு, வெளுத்த வானத்தின் கீழ் மொட்டையாக நின்றன. மாலை வெயிலின் அழகு இல்லை. ஆனால் அப்படியே எங்கள் ஊர்ப் பொட்டல். கதையில் ஒரு கதவு திறக்கிற நேரமாக அந்த நிழலற்ற நொடியை வைத்தோம். இப்போது கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியை எடுத்துவிட்டேன். ஏழு மீட்டர்க் கல் நின்ற இடத்தில், பாதை பிரிகிற முனையில், ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நாயகி தலையில் விறகுக்கட்டோடுதான் அந்த மேட்டுக்கு வருகிறாள். கட்டை அதன்மேல் தள்ளிவிட்டு நிமிர்ந்தால்தான் தூரத்துக் கல்வட்டம் முழுதாகத் தெரியும். அதுவரை சுமை அழுத்தி அவள் பார்வை தரையில்தான் இருக்கும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது லேப்டாப்பில் அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். செம்மண்ணைப் பார்த்தார், பனையைப் பார்த்தார். நாயகி சுமையை இறக்குகிற இடம் வந்ததும், "மறுக்காப் போடு" என்றார். மறுபடியும் போட்டேன்.

"கல்லு ஒசரமா இருக்குத்தா. அந்தப் புள்ள எக்குது பாரு. எக்கிப் போட்டா சுமை பின்னால சாயும். ஒரு சாண் எறக்கு."

நாயகியின் உயரத்தையும் மேல்கல்லின் உயரத்தையும் பார்த்தேன். ஊரில் அளந்த நாலே முக்கால் அடியை அப்படியே வைத்திருந்தேன். நாயகி என்னைவிடக் குள்ளம். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, கல்லை 23 சென்டிமீட்டர் இறக்கினேன்.